நீளம் ஒரு தபா, வவுறு ரெண்டு தபா

என் அளவு டேப்பில் ஏதோ வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவர் பக்கத்துத் தெரு டீச்சர். ஜாக்கெட்டுக்குத் தோள் அளவெடுக்க டேப்பைக் கழுத்தருகே கொண்டுபோனேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். சுத்த சைவம். நான் என்ன சொல்ல முடியும்? பின் போர்ஷன் அண்ணன் இதைக் காலையில் ஏரிக்கு எடுத்துப்போய் ஒரு கட்லா மீனுக்கு இடுப்பளவு எடுத்தார், அலசாமல் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டார் என்றா சொல்வது? புது டேப் டீச்சர், பிளாஸ்டிக் வாசனை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் எனக்கு வேறு டேப் வாங்கிக்கொண்டேன். பழையதை அவரிடமே கொடுத்து, இனிமேல் என் டேப்பில் கை வைக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர் போட்ட டேப் அது. நான் இஞ்சு பக்கம் பார்ப்பவள், அவர் சென்டிமீட்டர் பக்கம். "எனக்கு ஒரு பக்கம் போதும்மா, உனுக்கு வேணும்னா மறுபக்கத்த கிழிச்சிக்கோ" என்று சிரித்தார்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தெருவில் ஒரே காம்பவுண்டுக்குள் முன் போர்ஷனில் நாங்கள், பின் போர்ஷனில் அவரும் அவர் மனைவியும். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடலோரக் குப்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் அவருக்கு வாந்தி வந்துவிடுமாம். அண்ணன் தம்பிகளெல்லாம் கேலி செய்ததில் கடலே வேண்டாம் என்று ஏரிக்கு வந்துவிட்ட மனிதர். ஏரியில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தவரிடம் வேலை. குஞ்சு விடுவது, தீனி போடுவது, ஆள் புகுந்து வலை வீசாமல் பார்ப்பது. அமாவாசைக்கு அமாவாசை நாலைந்து மீனைப் பிடித்து எவ்வளவு தேறியிருக்கிறது என்று குத்தகைக்காரருக்குச் சொல்வதும் அவர் வேலைதான்.

எடை பார்க்க அவர் தராசைத் தொடமாட்டார். தராசில் தொங்கவிட்டால் மீன் துடிக்கும், செதில் பிய்ந்துபோகும், திருப்பி விட்டாலும் இரண்டு நாளில் மிதக்கும் என்பார். நனைந்த சாக்கின் மேல் மீனைக் கிடத்தி, வாயிலிருந்து வால் வரை ஒரு அளவு, உடம்பின் பருத்த இடத்தைச் சுற்றி ஒரு அளவு. அவ்வளவுதான். பத்து எண்ணுவதற்குள் மீன் தண்ணீருக்குள் போயிருக்கும். பிறகு கரையில் நின்றபடியே போனில் அக்காவைக் கூப்பிட்டு, "அம்பது, முப்பத்தாறு" என்பார். அக்கா பத்தாவது பாஸ். குழம்பைக் கிளறிக்கொண்டே போனில் கணக்குத் தட்டி, ரெண்டு கிலோ நூத்தி அறுபது என்று பதில் சொல்லுவாள். எல்லாம் ஸ்பீக்கரில்தான். எங்கள் காம்பவுண்டில் அமாவாசை காலையென்றால் மீன் எடை கேட்டுத்தான் விடியும்.

அந்தக் கணக்கை அவர் ஒரே வரியில் வைத்திருந்தார். "நீளம் ஒரு தபா, வவுறு ரெண்டு தபா, முப்பதால வகு." நீளத்தைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை மறுபடியும் சுற்றளவால் பெருக்கி, முப்பதால் வகுத்தால் கிராமில் எடை. கணக்கை யாரோ ஒரு ஆபீசர் சொல்லித் தந்தாராம். ஆனால் அந்த முப்பது அவரே கண்டுபிடித்தது. செத்த மீன்களை அளந்தும் நிறுத்தும் பார்த்துப் பார்த்து, எங்கள் ஏரி மீனுக்கு முப்பதுதான் சரி என்று அவரும் அக்காவும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அதென்ன வயிற்றை மட்டும் இரண்டு தடவை என்று ஒருநாள் கேட்டேன்.

"நீளம் சும்மாவே வளரும்மா. துன்றது ஒடம்புல ஒட்டுதா இல்லியானு வவுறுதான் சொல்லும். அதான் அதுக்கு மரியாத ஜாஸ்தி" என்றார்.

கண்ணில் பட்டதற்கெல்லாம் டேப் போடுவார். பூசணிக்காய், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி, தெருமுனைப் பிள்ளையார் சதுர்த்தி பொம்மை எதுவும் தப்பாது. என் எடையையும் சொல்லட்டுமா என்று கேட்டு ஒரு வாரம் என்னிடம் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்தார். ஒரு தடவை மீன்பிடிப்பு அன்று குத்தகைக்காரர் நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மீனைக் காட்டி, சொல்லு பார்ப்போம் என்றார். இவர் அளந்து நாலு கிலோ முந்நூறு என்றார். எலக்ட்ரானிக் தராசில் போட்டார்கள். நாலு கிலோ இருநூற்று எண்பது. எல்லோரும் கை தட்டினார்கள். இவர் முகம் மட்டும் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்தும் அந்த இருபது கிராம் அவரை விடவில்லை. "டேப்ப தளர புட்ச்சிட்டேன். நெறய காட்டணும்னு ஆச. ஆச கீற கை தானா தளரும்" என்று தின்னாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் அளக்க மறுத்த மீனும் உண்டு. ஒரு ஆவணி அமாவாசைக்கு வேடிக்கை பார்க்க நானும் கரைக்குப் போயிருந்தேன். வலையில் குண்டாக ஒன்று வந்தது. அஞ்சு கிலோ இருக்கும் போல என்று நான் குதித்தேன். அவர் டேப்பை எடுக்கவே இல்லை. முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். சினை மீனாம். டேப் நிறையக் காட்டும், ஆனால் மீன் இளைத்திருக்கும், வயிற்றில் இருப்பது அதன் சதை இல்லை, முதுகைத் தொட்டால்தான் உண்மை தெரியும் என்றார்.

மார்க்கெட்டில் அவரைக் கண்டாலே மீன்காரிகளுக்கு எரிச்சல் வரும். நான் போகும்போது சில நாள் கூட வருவார். செவுளைப் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலால் மீனின் சதையை அழுத்துவார். குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். சதை உடனே எழும்பி வந்தால் வாங்கலாம். மீன் வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவர் அழுத்துகிற விதத்தில் ஒரு வைத்தியர் நாடி பார்க்கிற பவ்யம் இருக்கும்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு தை மாதம். மூன்று வாரம் விடாமல் அடித்தது. ஏற்கனவே ஒல்லி, எழுந்தபோது எலும்பும் தோலும்தான் மிச்சம். டாக்டர், நல்லா சாப்பிட வையுங்க, எடை ஏறணும் என்று சொல்லி அனுப்பினார். மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறிப் பார்த்தாள். முப்பத்தேழு கிலோ. அங்கேயே நின்று அழுதுவிட்டாள். இனி அந்த மெஷினில் ஏறவே மாட்டேன் என்று வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

அவருக்குத்தான் தராசே தேவையில்லையே. தெருவில் இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், என் வீட்டுக்காரர் என்று ஆம்பிளைகளையெல்லாம் நிற்கவைத்து உயரமும் இடுப்பும் அளந்து, ஒவ்வொருவரையும் மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பி எடை கேட்டு வந்தார். மனிதருக்கு முப்பது சரிப்படாது, பத்தொன்பதால் வகுக்க வேண்டும் என்று அக்காதான் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். அவளுடைய அளவைப் போட்டுப் பார்த்தார்கள். நூற்றைம்பத்திரண்டு உயரம், அறுபத்தெட்டு இடுப்பு. வந்தது முப்பத்தேழு. மெஷின் சொன்னதும் அதுவே. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு அமாவாசை காலை ஏரியிலிருந்து வந்ததும் டேப்பை சோப்புப் போட்டு அலசி, அக்காவுக்கு அளவெடுப்பார். நான் இன்னா உன் ஏரி மீனா என்று அவள் திட்டிக்கொண்டே நிற்பாள். கணக்கையும் அவளே போடுவாள். கதவின் உள்பக்கம் சாக்பீஸால் அவர் எழுதி வைப்பார். முப்பத்தேழுக்குக் கீழே முப்பத்தொன்பது. அதற்குக் கீழே நாற்பத்தொன்று. விரால் குழம்பு, முட்டை, பாதாம் என்று அவர் ஊட்டாத குறை. அக்காவின் கன்னம் உப்பியது. மெட்டி இறுகியது. காலு வெரலு வரைக்கும் ஒடம்பு தேறிடுச்சு என்று அவர் மெட்டியைக் கொண்டுபோய்த் தளர்த்தி வாங்கி வந்தார். தெருப் பெண்களும், அக்கா பரவாயில்லையே, நல்லா தேறிட்டாங்களே என்றார்கள். தேறினால் டாக்டர் எதற்கு? அவர்கள் மறுபடி டாக்டரிடம் போகவில்லை.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அக்கா ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். போன தீபாவளிக்கு எடுத்த அளவு என் நோட்டில் இருந்தது. கை சுற்றளவு பத்தரை இஞ்சு. இப்போது எடுத்தால் ஒன்பதே முக்கால். கீழ்ப் பட்டியோ ஒன்றரை இஞ்சு கூடியிருந்தது. எனக்குத் தைக்கத்தான் தெரியும், வைத்தியம் தெரியாது. ஆனாலும் இருபது வருஷமாகப் பெண்களின் உடம்பை அளக்கிறேன். ஒருத்தி பெருத்தால் முதலில் கையில்தான் தெரியும். கை இளைத்து இடுப்பு மட்டும் பெருப்பது பிள்ளைத்தாய்ச்சிக்கு நடக்கும். அக்காவுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

ஆடியில் அதே ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். கை தொளதொளவென்று இருக்கிறது, கீழே மூச்சு முட்டுகிறது என்றாள். அளந்தேன். கை ஒன்பது. கையைப் பிடித்துத் தைத்தேன், பட்டியில் தையல் பிரித்துத் தளர்த்தினேன். நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. அப்போது பார்த்து அவர் உள்ளே வந்து, "தங்கச்சி, நாப்பத்தாறு ஆயிடுச்சு, கேட்டியா? நாப்பத்தாறு" என்றார். கதவில் எழுதிய சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எதைக் கேட்பேன்? மீன் கணக்குப் பார்க்கிறவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். டீச்சரிடம் பொய் சொல்ல வந்த வாய், இங்கே உண்மை சொல்ல வரவில்லை.

அடுத்தது ஆவணி அமாவாசை. காலையில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஏரியிலிருந்து அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முழங்கால் வரை சேறு. என்னைத் தாண்டிப் பின் போர்ஷனுக்குப் போனார். ஏதோ விபரீதம் என்று நானும் பின்னால் போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார். டேப் கழுத்தில் கிடந்தது, அதைத் தொடவில்லை. அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் விலக்கி, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

குழி அப்படியே நின்றது.

நானும் பார்த்தேன். அவர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. எழும்பவே இல்லை. அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னாயா ஆச்சு, இன்னாத்துக்கு இப்டி பாக்குற என்றாள். அவர் கொஞ்சம் மேலே இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் நின்றது. பிறகுதான் சொன்னார், வலையில் சினை மீன் ஒன்று வந்ததாம். வழக்கம்போல முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீரில் விடப் போனாராம். கை அப்படியே நின்றுவிட்டதாம். "வவுத்துல கீறது அது இல்லன்னு எனக்குத் தெரியுமேம்மா" என்று என்னிடம் சொன்னார்.

ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. உடம்பில் ஏறியதெல்லாம் தண்ணீர். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே தினமும் காலையில் எடை பார்ப்பார்கள், தராசில் ஏற்றித்தான். நாற்பத்து மூன்று, நாற்பது, முப்பத்தெட்டு. எடை குறைந்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னார். ஏற ஏற சந்தோஷப்பட்ட மனிதர், இப்போது இறங்க இறங்க சந்தோஷப்படப் பழக வேண்டியிருந்தது. அவரால் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நர்ஸ் எண்ணைச் சொல்லும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். கடைசியில் தண்ணீரெல்லாம் வடிந்தபின் இருப்பதுதான் அவங்க நிஜமான எடை என்று ஒருநாள் சொன்னார்கள். முப்பத்து மூன்று. கதவில் முதலில் எழுதியதைவிடவும் நாலு கிலோ குறைவு.

வீட்டுக்கு வருவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதுமாக ஆறு மாதம் ஓடியது. கதவில் அதன் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. இருந்ததை அழிக்கவும் இல்லை. ஏரியில் அமாவாசைக்கு அவர் மீன் பிடித்துக் காட்டினார், ஆனால் டேப் போடவில்லை. குத்தகைக்காரரிடம் தராசு வாங்கித் தரச் சொல்லிவிட்டாராம். மாசியில் அக்கா போய்விட்டாள். எங்கள் காம்பவுண்டில் கணக்குச் சொல்லும் அந்தக் குரல் நின்றுபோனது. குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால் இன்றும் பின் போர்ஷன் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் குப்பத்துக்கே, தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, மதியம் என் தையல் மெஷின் அருகே வந்து நின்றார். கையில் பழைய டேப். சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, நான் சுருட்டுவதுபோலவே சுருட்டியிருந்தார். மெஷின் மேல் வைத்தார்.

அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஏழு மாதமாக அது என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அளவு நோட்டை எடுத்து அக்காவின் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். தீபாவளி பத்தரை. வைகாசி ஒன்பதே முக்கால். ஆடி ஒன்பது.

"அண்ணா, இது அக்காவோட கை அளவு. எனக்கு அப்பவே தெரிஞ்சுது. நான் உங்ககிட்ட சொல்லல" என்றேன்.

அவர் அந்த மூன்று எண்களின் மேலும் விரலை வைத்து நகர்த்தினார். இஞ்சுக் கணக்கு அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் மேலிருந்து கீழே இறங்குவது யாருக்கும் புரியும். அடிக்கப் போகிறார், இல்லையென்றால் அழப் போகிறார் என்று காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"எனுக்குந்தாம்மா தெரியும்" என்றார். "அவளுக்கு ஊக்கு மாட்டி வுடுறதே நான்தானே. கையில புதுத் தையலு. ஒரு தபா புட்ச்சி தெச்சிருந்த, அப்பால இன்னொரு தபா. பாத்துகினுதான் இருந்தேன்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வவுத்த ரெண்டு தபா கணக்குல சேத்தேன். கைய ஒரு தபா கூட சேக்கல" என்றார்.

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். வரேம்மா என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

போன மாதம் டீச்சர் ஜாக்கெட் தைக்க வந்தார். புது டேப் எப்போதோ கிழிந்துவிட்டது, இப்போது பழையதுதான் ஆணியில் தொங்குகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது போலிருக்கிறது. டீச்சர் மூக்கைச் சுளித்து, என்னமோ வாடை வருதே என்றார்.

"மீன் வாடை டீச்சர்" என்றேன். "கையை நீட்டுங்க. முதல்ல கை அளவு எடுத்துக்கிறேன்."